வீட்டில் ஒலி – 9: செம்பும் களிம்பும்

அம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் ஒலியை மாற்றக்கூடிய குணங்கள் மூன்றுதான்: தடை, கொள்ளளவம், தூண்டுதிறன். மூன்றையும் அளக்கலாம். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர் எவரும் கணக்கிட்டும் பார்க்கலாம். ஆனாலும் விலைகூடிய வயர்களைப் பற்றிய வாதம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயவில்லை. ஒரு தரப்பு இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. கணக்குப் பார்த்த தரப்போ, வயரால் ஒலி ஒருபோதும் மாறாது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடுகிறது. மாறும் இடங்களும் உண்டு. கண்டி போன்ற ஈரமான மலைநகரில் அவை சற்று அதிகமாகவே உண்டு. அவற்றுக்கும் வயரின் விலைக்கும் தொடர்பு மிகக் குறைவு.

முதலில் தடை. ஒரு சதுர மில்லிமீற்றர் பருமனுள்ள செப்புக் கம்பிக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 0.017 ஓம் தடை. மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் வயரின் நீளத்தை இரட்டித்துக் கணக்கிட வேண்டும். கடைகளில் 16/0.20 என்று குறிக்கப்படும் மெல்லிய இரட்டை வயரில் 0.20 மில்லிமீற்றர் விட்டமுள்ள 16 இழைகள் இருக்கும். மொத்தப் பருமன் 0.5 சதுர மில்லிமீற்றர். 50/0.25 என்பது 2.5 சதுர மில்லிமீற்றர். ஒரே அறைக்குள் 5 மீற்றர் தூரத்துக்கு மெல்லிய வயரை இழுத்தால் தடை 0.34 ஓம் வரும். 8 ஓம் ஸ்பீக்கரில் ஒலிமட்டம் மூன்றில் ஒரு டெசிபெல் அளவு குறையும். தடித்த வயரில் அதே தூரத்துக்கு இழப்பு 0.07 டெசிபெல்தான்.

கண்டியின் சரிவுகளில் கட்டிய வீடுகளில் அறைகள் படிப்படியாக அமைந்திருக்கும். ஹந்தானைப் பக்கமோ அம்பிட்டியவிலோ அப்படியான ஒரு வீட்டில், கீழ்த்தளத்து அம்பிளிபயரிலிருந்து மேல்தளத்து ஸ்பீக்கருக்குச் சுவரோரமாக வயரைக் கொண்டுபோனால் 15 மீற்றர் எளிதாக ஆகிவிடும். அப்போது மெல்லிய வயரின் தடை 1 ஓம். ஒலி சற்றுத் தணிவது பெரிய விடயமல்ல. ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 8 ஓம் என்று முத்திரை குத்திய ஸ்பீக்கர் எல்லா மீடிறனிலும் 8 ஓமாக நிற்பதில்லை. சில சுரங்களில் 4 ஓமுக்கு இறங்கும், வேறு சிலவற்றில் 30 ஓமுக்கு ஏறும். வயரில் 1 ஓம் சேர்ந்தால் முதலாவது இடத்தில் ஏறத்தாழ 1.9 டெசிபெல் போய்விடும், இரண்டாவது இடத்தில் 0.3 டெசிபெல் மட்டுமே போகும். ஆகவே ஸ்பீக்கரின் குரலே மாறுகிறது: தவிலின் அடியும் வீணையின் நடுச்சுரங்களும் முன்பிருந்த விகிதத்தில் வருவதில்லை. இது காதுக்குத் தெரியும் வித்தியாசம். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை இட்டால் அந்த ஏற்றத்தாழ்வு 0.4 டெசிபெல்லுக்குக் கீழே வந்துவிடும். வயரின் மொத்தத் தடை ஸ்பீக்கரின் தடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற பழைய பொறியியல் விதி இந்தக் காரணத்தால்தான் வந்தது.

பருமன் போதுமானதாக இருந்துவிட்டால், அதற்கு மேல் விளம்பரங்கள் சொல்லும் சிறப்புகளில் மிஞ்சுவது சொற்பம். ஒட்சிசன் நீக்கிய செம்புக்கும் வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் சாதாரண மின்செம்புக்கும் கடத்துதிறனில் 1 சதவீதமளவே வேறுபாடு. வெள்ளி செம்பைவிட 5, 6 சதவீதம் நன்றாகக் கடத்தும். செப்பு வயரை அதே அளவு தடிப்பாக எடுத்தால் அந்த இலாபம் கிடைத்துவிடும். உயர்ந்த மீடிறனில் மின்னோட்டம் கம்பியின் மேற்புறத்துக்கு ஒதுங்கும் என்பது உண்மையே. 20,000 ஹேர்ட்சில் செம்பில் அது ஊடுருவும் ஆழம் 0.46 மில்லிமீற்றர். 5 மீற்றர் நீளமான 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இதனால் வரும் இழப்போ டெசிபெல்லில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. அதை உணரும் காது இல்லை. பிரெட் டேவிஸ் 1991இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் பல வயர்களை அளந்து வெளியிட்ட கட்டுரையும் தடையையும் தூண்டுதிறனையுமே முக்கியப்படுத்தியது. உயர்ந்த சுரங்களில் 1, 2 ஓமுக்கு இறங்கிவிடும் மின்னிலை ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தூண்டுதிறனைக் கவனிக்க வேண்டும். சாதாரண ஸ்பீக்கர்களுக்கு களனி, ஏசிஎல் போன்ற உள்ளூர்த் தயாரிப்பாளர்களின் இழைச்செம்பு வயர் தாராளமாகப் போதும்.

செம்பு என்று விற்கப்படுவது செம்புதானா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பளிச்சென்ற கண்ணாடி உறையில் மலிவாக வரும் ஸ்பீக்கர் வயர்களில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவையும் கலந்திருக்கின்றன. அவற்றின் தடை, அதே பருமனுள்ள செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். கண்டுபிடிப்பது கடினமல்ல. ஓர் இழையைக் கத்தி முனையால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். சுருளைக் கையில் தூக்கினாலும் தெரிந்துவிடும், அலுமினியத்தின் அடர்த்தி செம்பினதில் மூன்றிலொரு பங்கைவிடக் குறைவு. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு இறக்குமதிப் பொருளின் விலை எகிறிய நாட்டில், நல்ல செம்பு என்று பணம் கொடுத்து அலுமினியம் வாங்கி வருவது வருந்தத்தக்க நட்டம்.

அம்பிளிபயருக்கு வந்து சேரும் சிறு சமிக்ஞை வயர்களில் தடை முக்கியமில்லை; அங்கே பார்க்க வேண்டியது கொள்ளளவம். சீடி பிளேயர், தொலைக்காட்சி, கைத்தொலைபேசி ஆகியவற்றுக்கு அதுவும் பொருட்டில்லை. மீற்றருக்கு 100 பிக்கோபரட் உள்ள 2 மீற்றர் வயர் மேல்சுரங்களை வெட்டத் தொடங்குவது 8 இலட்சம் ஹேர்ட்ஸ் அளவில். காதின் எல்லை 20,000. இசைத்தட்டுக்காரர்களின் நிலை வேறு. இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக் காலத்துப் பாட்டுகளை இன்னும் இசைத்தட்டில் சுழற்றும் வீடுகளில் வயர் உண்மையிலேயே ஒலியை மாற்றும். ஊசித் தலையிலுள்ள காந்தச் சுருளின் தூண்டுதிறன் அரை ஹென்றி அளவு பெரியது. அதோடு வயரின் கொள்ளளவம் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகிறது. மொத்தக் கொள்ளளவம் 200 பிக்கோபரட்டாக இருந்தால் அந்த ஒத்ததிர்வு 16,000 ஹேர்ட்சை ஒட்டி நிற்கும். நீளமான, பொருந்தாத வயரால் 500 ஆகிவிட்டால் 10,000க்கு இறங்கி வந்து, வயலினையும் சலங்கையையும் கூர்மையாக்கிவிட்டு அதற்கு மேல் சட்டென்று மங்கும். இங்கே தேவை குறுகிய வயர். விலைகூடிய வயர் அல்ல. கொள்ளளவம் குறிப்பிடப்பட்ட மலிவான வயர், குறிப்பிடாத விலையுயர்ந்த வயரைவிட நம்பகமானது.

சமிக்ஞை வயரின் மேலுறைக் கவசமும் கண்டியில் கவனத்துக்குரியது. ஹந்தானை மலையில் ஒலி, ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. கோபுரத்துக்கு அருகே குடியிருப்பவரின் கவசம் அறுந்த வயர், ஊசித் தலை போன்ற நுண்ணிய மூலத்தோடு சேரும்போது அன்டெனாவாகிவிடக் கூடும். பாட்டுக்குப் பின்னால் வேறொரு குரலோ இரைச்சலோ கேட்கும். செம்புப் பின்னல் முழுமையாக மூடிய வயரை இட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஊம் என்ற 50 ஹேர்ட்ஸ் ரீங்காரம் வேறு வகை. டிஷ் அன்டெனாவின் வயர் ஓரிடத்தில் நிலத்தைத் தொட, கணினியின் மூன்றுமுனைப் பிளக் வீட்டு எர்த் கம்பி வழியாக இன்னோரிடத்தில் நிலத்தைத் தொட, இரண்டும் ஒரே அம்பிளிபயரில் சந்திக்கும்போது கவசத்தின் வழியே சிறு மின்னோட்டம் சுற்றத் தொடங்குகிறது. எவ்வளவு விலையுள்ள வயரும் இதை நிறுத்தாது. எர்த் முனையை வெட்டிவிட்டால் ரீங்காரம் நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யவே கூடாது. இலங்கை வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் உரிய நேரத்தில் விழுவதற்கு அந்த எர்த் தொடர்பு வேண்டும். தொலைக்காட்சிக்கும் அம்பிளிபயருக்கும் இடையில் ஒளியிழை வயரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பான வழி. கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ ஆன அந்த இழையில் மின்சாரம் ஓடாது. இடிமழைக் காலமான ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அந்த வழியாக மின்னலின் பாய்ச்சல் கடக்காது என்பது கூடுதல் நன்மை.

கண்டி வீடுகளில் ஒலியைக் கெடுக்கும் காரணங்களில் அதிகம் கவனிக்கப்படாதது வயரின் முனை. நகரம் கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவு உயரத்தில், மகாவலி வளைந்தோடும் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஆண்டு முழுதும் காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். உறை நீக்கி முறுக்கிச் செருகிய செப்பு இழைகள் இந்தக் காற்றில் கறுத்து, நாளடைவில் பச்சைக் களிம்பு பிடிக்கின்றன. கண்ணாடி உறைக்குள்ளேயே வயர் பச்சையாவதையும் பலர் கண்டிருப்பார்கள். உறைக்குள் உள்ள பச்சை பார்வைக்கு மோசமானாலும் நடுச்செம்பு கடத்திக்கொண்டுதான் இருக்கும். முனையில் பிடிக்கும் களிம்பே ஆபத்து: இரு உலோகங்கள் தொடும் அந்தச் சிறு பரப்பில் தடை நிலையாக இராமல் ஏறியிறங்கும், ஒரு பக்கம் மங்கும், கரகரக்கும், வயரை அசைத்தால் சரியாகும். பழைய வயரைக் கழற்றிப் புதிதாக விலைகூடிய வயரைப் பூட்டியவருக்கு ஒலி தெளிந்ததாகத் தோன்றுவதில் பொய்யில்லை. அவர் கேட்டது புதிய வயரை அல்ல, கழற்றிப் பூட்டியதில் துலங்கிய முனையை. பழைய வயரின் முனையில் ஓர் அங்குலத்தை வெட்டி, புதிதாக உறை நீக்கி, ஈயம் பற்றவைத்தோ இறுக்கமான பிளக் இட்டோ பூட்டினால் அதே பலன் கிடைக்கும். தங்க முலாம் பூசிய பிளக்குகளுக்கு இந்தக் காலநிலையில் நியாயம் உண்டு. தங்கம் செம்பைவிட நன்றாகக் கடத்துவதில்லை. களிம்பு ஏறாது என்பதே அதன் சிறப்பு.

எச்டிஎம்ஐ, யூஎஸ்பி வயர்களில் போவது எண்கள். அவை சரியாகப் போய்ச் சேரும், அல்லது சத்தம் விட்டுவிட்டு அறும். மெல்ல மங்கலாவதோ இனிமை கூடுவதோ அங்கே நடப்பதில்லை. மின்சார வயரும் அப்படித்தான்: மின்மாற்றியிலிருந்து வீட்டுச் சுவர் வரை சாதாரணக் கம்பியில் வந்த 230 வோல்ற்றை, கடைசி ஒன்றரை மீற்றர் சீர்திருத்த முடியாது.

இனி, காது. 1983இல் 'ஸ்டீரியோ ரிவியூ' இதழுக்காக லோரன்ஸ் கிரீன்ஹில் நடத்திய சோதனையில், மிக மெல்லிய 24 கேஜ் வயரைத் தொடர் இரைச்சலில் கேட்டவர்கள் பிரித்தறிந்தார்கள். 16 கேஜ் சாதாரண மின்விளக்கு வயரையும் விலைகூடிய தடித்த வயரையும் இசையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேலே பார்த்த தடைக் கணக்கு சொல்வதும் இதையேதான். 2007இல், 12 அடிச் சோடி 7,250 டொலருக்கு விற்ற ஸ்பீக்கர் வயரைச் சாதாரண வயரிலிருந்து காதால் பிரித்துக் காட்டினால் பத்து இலட்சம் டொலர் தருவதாக, போலி உரிமைகோரல்களை அம்பலப்படுத்திவந்த மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி சவால் விட்டார். சோதனை நடக்காமலே போனது.

வித்தியாசம் கேட்டதாகச் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. கால் டெசிபெல் கூடுதலான சத்தத்தைக் காது சத்தமாக உணராமல் தெளிவாக உணர்கிறது. எந்த வயர் பூட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தாலே கேட்பது மாறுகிறது. ஆகவே வீட்டில் சோதிப்பவர் இரண்டையும் விலக்க வேண்டும். 1,000 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீற்றரால் அளந்து, இரு வயர்களிலும் வோல்ற்றளவு 1 சதவீதத்துக்குள் ஒன்றுபடச் செய்ய வேண்டும். வயரை மாற்றுபவர் கேட்பவரின் கண்ணில் படாமல், நாணயம் சுண்டி வரிசையைத் தீர்மானிக்க வேண்டும். பாட்டு ஒன்றாகவே இருக்கட்டும், பகுதி சிறியதாக இருக்கட்டும். ஒலியின் நுட்பம் சில விநாடிகளுக்கு மேல் நினைவில் தங்காது. 16 தடவையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் நிகழ்வதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. வித்தியாசம் இருக்கிறது என்றே கொள்ளலாம். அப்படி வந்தால் அடுத்த வேலை, இரு வயர்களின் தடையையும் முனைகளையும் அளந்து பார்ப்பது.