அழிக்க வேண்டாம், மறைத்து வையுங்கள்!

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. வீட்டிலும் கடையிலும் சிறு அலுவலகங்களிலும் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக விண்டோஸ் 11-க்கு மாறிக்கொண்டிருக்கின்றன. ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு வந்ததும் மெனுக்கள் இடம் மாறியதும் சில நாளில் பழகிவிடும். சி டிரைவைத் திறக்கும்போதுதான் பலருக்குக் குழப்பம் ஆரம்பிக்கிறது. 'விண்டோஸ்.ஓல்டு', 'பெர்ஃப்லாக்ஸ்', 'ஐநெட்பப்' என்று நாம் உருவாக்காத ஃபோல்டர்கள் அங்கே வரிசையாக நிற்கும்.

பார்த்ததும் கை துறுதுறுக்கும். செலக்ட் செய்து டெலீட்டைத் தட்டத் தோன்றும். அங்கேதான் ஒரு நிமிடம் நிதானிக்க வேண்டும். இவற்றில் சில நிஜமாகவே வேலை முடிந்தவை. சில, பார்வைக்கு வெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே வேலை இருப்பவை. முதல் வகையை முறைப்படி வெளியேற்றலாம். இரண்டாவது வகை உறுத்தினால் கண்ணில் படாமல் மறைக்கலாம், அழிக்கக் கூடாது.

பத்து நாள் கெடு

முதலில், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் 'விண்டோஸ்.ஓல்டு'. புது வீடு ஒத்துவருமா என்று தெரியும்வரை பழைய வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருப்பவரைப் போல, அப்கிரேடு முடிந்த பிறகும் விண்டோஸ் தன் பழைய பதிப்பை இந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறது. பிரின்டர் மக்கர் பண்ணுகிறது, டாலி திறக்க மறுக்கிறது என்றால் செட்டிங்ஸில் 'ரெகவரி' பகுதிக்குப் போய் 'கோ பேக்' கொடுத்துப் பழையபடி திரும்பிவிடலாம். இதற்குக் கெடு 10 நாள். அதன்பிறகு விண்டோஸே அந்த ஃபோல்டரை நீக்கிவிடும்.

இது பல ஜிபி பிடிக்கும். 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் அதுவே பெரிய சுமை. இதை மறைப்பதில் பிரயோசனமில்லை. கண்ணில் படாதே தவிர, இடம் ஒரு எம்பிகூட மிச்சமாகாது. நேரடியாக டெலீட் கொடுத்தால் பர்மிஷன் இல்லை என்று அடம்பிடிக்கும். புது விண்டோஸில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியானதும் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போய், 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதை டிக் செய்து ரிமூவ் கொடுங்கள். அதற்கு முன்னால் விண்டோஸ்.ஓல்டுக்குள் இருக்கும் 'யூசர்ஸ்' ஃபோல்டரை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருந்த ஏதாவது ஒரு ஃபைல் அங்கேயே தங்கியிருக்கலாம்.

காலி ஃபோல்டர் கிளப்பிய கலாட்டா

'ஐநெட்பப்' வேறு ரகம். 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட்டின் மாதாந்திர செக்யூரிட்டி அப்டேட் வந்தது. போட்டுவிட்டுப் பார்த்தால் பலருடைய சி டிரைவில் இந்த ஃபோல்டர் புதிதாக முளைத்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பிராப்பர்ட்டீஸ் பூஜ்யம் பைட் என்றது. வெப் சர்வர் நடத்துகிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்தான். மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் சர்வர் தன் ஃபைல்களை வைத்துக்கொள்ளும் இடம் இது. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஐஐஎஸ்ஸுக்கு என்ன வேலை? அப்டேட்டில் ஏதோ பிசகு என்று நினைத்துப் பலர் அழித்தார்கள். அழித்த பிறகும் எல்லாம் வழக்கம்போல் ஓடியதால், செய்தது சரி என்றே எண்ணிக்கொண்டார்கள்.

விளக்கம் பிறகுதான் வந்தது. சிவிஇ-2025-21204 என்று எண் போடப்பட்ட பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் ஏற்பாட்டில் அந்தக் காலி ஃபோல்டரும் ஒரு பகுதி என்றது மைக்ரோசாஃப்ட். ஐஐஎஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதை அழிக்கக் கூடாது என்றும் சொன்னது. ஃபைல் லிங்க்குகளை விண்டோஸ் சரிபார்க்கும் விதத்தில் இருந்த குறைதான் அந்த ஓட்டை. சாதாரண அக்கவுன்ட்டோடு கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒருவர், அதை வைத்து சிஸ்டத்தின் அதிகாரத்தைக் கையில் எடுக்க முடியும். கெவின் பியூமான்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அடுத்து இன்னொன்றைக் காட்டினார். சாதாரண பயனர் ஒருவரே ஐநெட்பப் என்ற பெயரில் ஒரு போலி இணைப்பை உண்டாக்கி அதை நோட்பேடு பக்கம் திருப்பிவிட்டால், விண்டோஸ் அப்டேட் இன்ஸ்டால் ஆகாமலே போகும். அந்த இடத்தில் யாருடைய ஃபோல்டர் இருக்கிறது என்பதில் அவ்வளவு விஷயம் இருக்கிறது!

அழித்துவிட்டவர்கள் பதற வேண்டியதில்லை. கண்ட்ரோல் பேனலில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பகுதியில் இன்டர்நெட் இன்ஃபர்மேஷன் சர்வீசஸை ஆன் செய்தால் ஃபோல்டர் உரிய பர்மிஷன்களோடு திரும்பி வரும். வந்தபிறகு ஐஐஎஸ்ஸை ஆஃப் செய்துவிடலாம். நீங்களே 'நியூ ஃபோல்டர்' போட்டு அதே பெயரை வைப்பது சரிப்படாது.

மறைப்பது எப்படி?

ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் கீழே 'ஹிட்டன்' என்ற கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். உள்ளே ஃபைல்கள் இருந்தால், இந்த ஃபோல்டருக்கு மட்டுமா, உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்தா என்று கேட்கும். இதற்கு மட்டும் என்றாலே போதும். சிஸ்டம் ஃபோல்டர் என்றால் அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியும் கேட்கும். இவ்வளவுக்குப் பிறகும் மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தால், ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் 'ஷோ' என்பதன்கீழ் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' ஆன் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டால் மறைந்துவிடும்.

கமாண்ட் பிராம்ப்ட் பழகியவர்கள் 'அட்ரிப்' கட்டளையில் கூட்டல் குறியோடு ஹெச் போட்டு இதையே செய்வார்கள். கூடவே எஸ்ஸும் சேர்த்தால் ஃபோல்டருக்கு 'சிஸ்டம்' முத்திரை விழும். அப்புறம் ஹிட்டன் ஐட்டம்ஸை ஆன் செய்தாலும் அது தெரியாது. வீட்டு உபயோகத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாளைக்கு உங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்க வரும் டெக்னீஷியன் தேடித் தவிப்பார்.

இந்த வசதிக்கு வயது 40-க்கு மேல். 1981-ல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயே இரண்டு சிஸ்டம் ஃபைல்கள் பட்டியலில் தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தன. டாஸில் ஒவ்வொரு ஃபைலின் பதிவிலும் குணங்களைக் குறிக்க ஒரு பைட் இருந்தது. அதில் 2-க்கான பிட் போட்டால் ஹிட்டன், 4-க்கான பிட் போட்டால் சிஸ்டம். இன்றைக்கும் நாம் டிக் போடுவது அந்தப் பிட்டைத்தான். ஃபோல்டர் இருக்கும் இடமோ, யார் திறக்கலாம் என்ற பர்மிஷனோ இதனால் மாறுவதில்லை. ஐநெட்பப்பை மறைத்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருப்பது இதனால்தான்.

மேக்கிலும் உபுண்டுவிலும்

ஆப்பிள் மறைக்கும் வேலையைப் பயனருக்கு விடவில்லை. 2011-ல் மேக்கின் லயன் பதிப்பு வந்தபோது, ஒவ்வொரு பயனரின் 'லைப்ரரி' ஃபோல்டரையும் தானே மறைத்துவிட்டது. 2019-ல் வந்த கேட்டலினாவோ எதிர்த்திசையில் போனது. சிஸ்டம் பகுதியை யாரும் எழுத முடியாத தனி வால்யூமாக்கியபோது, அங்கே இருக்கக் கூடாத ஃபைல்களை 'ரீலொகேட்டட் ஐட்டம்ஸ்' என்ற ஃபோல்டரில் கொட்டி, டெஸ்க்டாப்பிலும் அதற்கு ஒரு ஷார்ட்கட்டை வைத்தது. பலருக்கு அது என்னவென்றே புரியவில்லை.

லினக்ஸ் ரகமான உபுண்டுவில் புகார் 'ஸ்நாப்' ஃபோல்டரைப் பற்றியது. 2022-ல் வந்த 22.04 பதிப்புக்கு மாறியவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் 'ஸ்நாப்' என்ற பேக்கேஜ் வடிவில் வந்தது. அதோடு ஹோம் ஃபோல்டரில் 'ஸ்நாப்' என்று ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதை அழித்தால் போச்சு. ஃபயர்ஃபாக்ஸின் புக்மார்க்குகளும் பாஸ்வேர்டுகளும் அதற்குள்தான் இருக்கின்றன. வழி சுலபம். ஹோம் ஃபோல்டரில், பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து 'ஹிட்டன்' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்கி, அதில் ஸ்நாப் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுதி சேவ் செய்தால் ஃபைல் மேனேஜர் அதைக் காட்டாது.

பென் டிரைவ் சொல்லும் பாடம்

மறைப்பதைப் பூட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ரகசியக் கணக்கையோ சொந்தப் படங்களையோ இப்படி மறைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பிரவுசிங் சென்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் பென் டிரைவ் போட்டு எடுத்தவர்களுக்கு 'ஷார்ட்கட் வைரஸ்' ஞாபகம் இருக்கும். ஃபோல்டர்கள் எல்லாம் காணாமல் போய், ஒவ்வொன்றின் பெயரிலும் ஒரு ஷார்ட்கட் இருக்கும். அந்த வைரஸ் ஃபைல்களை அழிக்கவில்லை. நாம் மேலே பார்த்த அதே ஹிட்டன், சிஸ்டம் முத்திரைகளை உண்மையான ஃபோல்டர்கள் மேல் குத்திவிட்டு, ஷார்ட்கட்டை நம்மையே கிளிக் செய்ய வைத்தது. கடைக்காரர் அட்ரிப் கட்டளையில் கழித்தல் குறி போட்டு அத்தனையையும் மீட்டுக் கொடுப்பார். ஒரு வரி கட்டளையில் வெளியே வருவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியுமா?

எனவே, மறைத்த ஃபோல்டர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். புதிய பெயர் எதைப் பார்த்தாலும் அது எந்த அப்டேட்டோடு வந்தது என்று தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பயனருக்கு இவ்வளவு பொறுப்பு இருந்தால், தயாரிப்பவர்களுக்கும் கொஞ்சம் இருக்க வேண்டும். ஸ்நாப் ஃபோல்டரைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள் என்ற கோரிக்கை உபுண்டுவின் புகார்ப் பதிவேட்டில் 2016-லேயே ஏறிவிட்டது. ஐநெட்பப்பையாவது பிறக்கும்போதே ஹிட்டன் பிட்டோடு பிறக்க வைத்திருக்கலாம், அல்லது அழிக்காதீர்கள் என்று இரண்டு வரி எழுதிய டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றை உள்ளே போட்டிருக்கலாம். பல ஜிபி அப்டேட்டை அனுப்புகிறவர்களுக்கு அந்த இரண்டு வரி பெரிய செலவு இல்லை.