தேக்கு மரத்தில் பணம் காய்க்குமா?

சர்ட்டிபிகேட் வாங்கியவர்கள் கதி என்ன? மரத்தில் நிஜமாகவே காசு பார்ப்பது யார்?

சென்னை,-

“ஆயிரம் ரூபாய் போடு. இருபது வருஷம் சும்மா இரு. உன் பிள்ளைக்கு லட்சம் வரும்!”

ஏறக்குறைய இந்த ரீதியில்தான் 1990-களில் பேப்பருக்குப் பேப்பர் விளம்பரம் வந்தது. பணம் போடச் சொன்னது பாங்கியில் அல்ல. தேக்கு மரத்தில்!

குமாஸ்தாக்கள், ரிட்டயர் ஆன வாத்தியார்கள், சின்னக் கடைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் கட்டினார்கள். பலர் தங்கள் மரத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கையில் இருந்தது பளபளப்பான ஒரு சர்ட்டிபிகேட் மட்டும்தான்.

1998-ல் குட்டு உடைந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘அனுபவ் பிளாண்டேஷன்ஸ்’ கவிழ்ந்தது. செக்குகள் பணமில்லாமல் திரும்பின. விவகாரம் போலீசுக்கும் ஐகோர்ட்டுக்கும் போனது. அடுத்த வருஷம், 1999-ல், இந்த மாதிரி கூட்டு முதலீட்டுத் திட்டம் நடத்துகிறவர்கள் ‘செபி’யில் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று விதி வந்தது. குதிரை ஓடிய பிறகு லாயத்துக்குப் பூட்டு!

அப்படியானால் மரம் வளர்ப்பதே மோசடித் தொழிலா? இல்லவே இல்லை. ஒழுங்காகச் செய்து சம்பாதிக்கிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கணக்கு வேறு.

கொலையுண்ட கலெக்டர் நட்ட காடு

தேக்கை மனிதன் நட்டுக் காடாக்கிய கதை நமக்குப் பக்கத்தில்தான் ஆரம்பித்தது. மலபார் அப்போது மெட்ராஸ் ராஜதானியில் இருந்தது. அங்கே கலெக்டராக இருந்த கானலி என்ற வெள்ளைக்காரர், கப்பல் கட்ட தேக்கு வேண்டும் என்று 1840-களில் நிலம்பூரில் நடவு தொடங்கினார். முதலில் போட்ட விதை முளைக்காமல் மானத்தை வாங்கியது. பிறகு சாத்து மேனன் என்ற அதிகாரி பொறுப்பேற்று, கன்று கன்றாக வளர்த்துக் காட்டினார். 1846-ல் நட்ட மரங்கள் இன்றைக்கும் ‘கானலி பிளாட்’ என்ற பெயரில் நிற்கின்றன.

கானலி கதை என்ன ஆயிற்று? 1855-ல் கோழிக்கோட்டில் தன் பங்களாவிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். (கிரைம் நிருபருக்கு இதைச் சொல்லாமல் விட மனசு வருமா!)

விஷயத்துக்கு வருவோம். தேக்குக் காட்டில் ஆறரை அடிக்கு ஒரு கன்று நடுவது வழக்கம். ஏக்கருக்கு ஏறக்குறைய ஆயிரம் கன்று. அத்தனையும் பெரிய மரமாகிவிடாது. நாலைந்து வருஷத்தில் ஒன்று விட்டு ஒன்று வெட்டிக் களைவார்கள். அப்புறம் சில வருஷத்துக்கு ஒரு முறை நோஞ்சானை எல்லாம் எடுப்பார்கள். மிச்சத்துக்கு வெயிலும் தண்ணீரும் கிடைத்து அடிமரம் பருக்கும். கடைசியில் ஏக்கருக்கு ஐம்பது, அறுபது நின்றால் அதுதான் நல்ல காடு. அதற்குள் 50, 60 வருஷம் ஓடியிருக்கும். இடையில் வெட்டிய கழிகளை விற்றுத்தான் செலவைச் சமாளிப்பார்கள்.

இப்போது அந்த சர்ட்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு ஆயிரம் மரம் விற்றாயிற்று. களைய வேண்டிய நேரத்தில் யாருடைய மரத்தை வெட்டுவது? வெட்டாவிட்டால் எல்லாமே நோஞ்சான்! சட்டம் தெரியாவிட்டாலும், இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பல பேருடைய பி.எப். பணம் தப்பியிருக்கும்.

“வைரம் எங்கே சார்?”

இருபது வருஷத் தேக்கை மரக்கடைக்குக் கொண்டு போனால் முதலில் கேட்பது இதைத்தான். நடுவில் கறுத்துக் கிடக்கும் வைரம்தான் காசு. சுற்றி இருக்கும் வெள்ளை உளுத்துப் போகும். தண்ணீர் பாய்ச்சி வேகமாக வளர்த்தாலும், இள மரத்தில் வெள்ளை அதிகம், வைரம் கொஞ்சம்தான்.

அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மரத்தின் நடுவில் டேப்பைச் சுற்றுவார்கள். அந்தச் சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. 10 அடி நீளம், 36 அங்குலம் சுற்றளவு உள்ள மரம் இந்தக் கணக்கில் சுமார் 5.6 கன அடி. ஆனால் அந்த உருட்டு மரத்தில் நிஜமாக இருப்பது 7 கன அடிக்கு மேல்!

மிச்சம் எங்கே போனது? திருட்டு இல்லை. சதுரமாக அறுக்கும்போது நாலு பக்கமும் வீணாகுமே, அதற்கான கழிவு. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு, இன்றும் ஓடுகிறது. இது தெரியாமல் தோப்பைக் குத்துமதிப்பாகப் பேசி விடுகிறவர்தான் ஏமாறுகிறார். நடுவில் சுற்ற வேண்டிய டேப்பை நுனிப்பக்கம் தள்ளிச் சுற்றினால் அது வேறு கதை. அது திருட்டேதான்.

நாலு வருஷத்தில் காசு

தமிழ்நாட்டில் சத்தம் போடாமல் சம்பாதித்துக் கொடுக்கும் மரம் சவுக்கு. கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டுப் பக்கம் மணல் பூமியில் நன்றாக வரும். வேரில் முண்டு முண்டாக இருக்கும் நுண்ணுயிர் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும். நாலைந்து வருஷத்தில் வெட்டு.

இதில் கழிவு என்று எதுவும் இல்லை. நல்ல கழி சாரம் கட்டவும் பந்தல் போடவும் போகும். வேர்க்கட்டையும் மிலாறும் அடுப்புக்குப் போகும். மற்றது டன் கணக்கில் காகித ஆலைக்கு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984-ல் உற்பத்தி தொடங்கிய அரசு காகித ஆலை முதலில் கரும்புச் சக்கையை நம்பி வந்தது. மரமும் தேவைப்படவே, 2004-05 முதல் விவசாயிகளோடு சேர்ந்து சவுக்கு, தைல மரம் வளர்க்க ஏற்பாடு செய்தது.

இதில் கெட்டிக்காரர் என்ன செய்வார் தெரியுமா? நாலு ஏக்கரையும் ஒரே நாளில் நட மாட்டார். வருஷத்துக்கு ஒரு ஏக்கர். அஞ்சாம் வருஷத்திலிருந்து வருஷா வருஷம் ஒரு ஏக்கர் வெட்டு, உடனே மறு நடவு. சம்பளம் மாதிரி வந்துகொண்டே இருக்கும். வன இலாகாக்காரர்கள் பெரிய காடுகளுக்குப் போடும் திட்டமும் இதே சூத்திரம்தான்.

ஆபத்து இல்லாமல் இல்லை. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூர்க் கரையில் அடித்தது. விடிந்து பார்த்தால் பலா, முந்திரியோடு சவுக்குத் தோப்புகளும் படுத்துக் கிடந்தன. எல்லோர் மரமும் ஒரே நாளில் விழுந்தால் விலை என்ன ஆகும் என்று கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சந்தனத்துக்கு ராத்திரி விருந்தாளி

இப்போது சிலருக்குச் சந்தன ஆசை வந்திருக்கிறது. முன்பெல்லாம் பட்டா நிலத்தில் தானாக முளைத்த சந்தன மரம்கூட நிலக்காரருக்குச் சொந்தமில்லை. மரம் முளைத்தால் வம்பு என்று நாற்றிலேயே பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. 2002-ல் சட்டத்தைத் திருத்தி உரிமை கொடுத்தார்கள். ஆனால் நினைத்த நாளில் கோடாலியைத் தூக்க முடியாது. வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான்.

வளர்ப்பதும் லேசு இல்லை. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஜாதி. துவரை, அகத்தி, சவுக்கு என்று கூடவே எதையாவது வளர்க்க வேண்டும். வாசனையுள்ள வைரம் ஏறப் பதினைந்து வருஷமாவது ஆகும்.

அந்த வைரம் ஏறுகிற வரை உடையவருக்குத்தான் காவல் வேலை. ஏறிய செய்தி மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். கம்பி வேலி, நாய், காவல்காரர், கேமரா எல்லாம் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டியவை. திருடர்கள் துளை போட்டு வைரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இன்னொரு ராத்திரி ரம்பத்தோடு வருவார்கள். காலையில் நிலக்காரருக்கு மிஞ்சுவது ஓர் அடிக்கட்டையும், போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் மனு ரசீதும்தான்.