பயிர்க் காவல் துப்பாக்கியும் குட்டைக் குழலும்

பழநி மலையின் வடசாரலை ஒட்டிய ஆயக்குடிப் பக்கத்தில் கொய்யா, மா, தென்னை ஆகிய தோப்புகளும், நிலக்கடலை, மக்காச்சோளம் முதலிய வெள்ளாமைகளும் காட்டுக்கு அருகிலேயே நடைபெறுகின்றன. ஆகையால் காட்டுப்பன்றி, மான் முதலிய மிருகங்களால் விளையும் சேதம் இப்பக்கத்துக் குடியானவர்களுக்குப் புதியதன்று. பயிர்க் காவலைப் பற்றிப் பேச்செழும் இடத்திலெல்லாம் துப்பாக்கியைப் பற்றியும் பேச்செழுவது இயல்பு. குழல் குட்டையானால் குறி தவறும் என்பர் சிலர். புதருக்குள் எடுத்துச் செல்லக் குட்டைக் குழலே ஏற்றது என்பர் வேறு சிலர். இவற்றுள் எது எவ்வளவு உண்மை என்பதை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, துப்பாக்கி வகைகளைப் பிரித்தறிய வேண்டும். குழலின் உட்புறத்தில் புரி வெட்டப்பட்டிருப்பது ரைபிள். அப்புரியினால் குண்டு சுழன்று சென்று நேர்கோட்டினின்று விலகாமல் நிற்கிறது. புரியில்லாத வழவழப்பான குழலையுடையது ரவைத் துப்பாக்கி. 12 போர்த் துப்பாக்கியும், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. குழல் குறைவதனால் உண்டாகும் பலன் இவ்விரு வகைக்கும் ஒன்றன்று.

குட்டைக் குழல் ரைபிளுக்குச் சிறந்த உதாரணம் அமெரிக்காவில் உண்டு. அங்கே ரெமிங்டன் கம்பெனியார் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட 760 என்னும் ரைபிளில், முன்கைப் பிடியைப் பின்னுக்கும் முன்னுக்கும் இழுத்தால் சுட்ட தோட்டா வெளியேறி அடுத்தது உள்ளே ஏறும். இதனைப் பம்பு ரைபிள் என்பர். இதிலேயே 18½ அங்குலக் குழலுடைய சிறு வகையும் செய்யப்பட்டது. 1981இல் இதன் இடத்தில் 7600 என்னும் வகை வந்தது. பென்சில்வேனியா மாகாணத்தில் பெரிய மிருக வேட்டைக்குத் தானாகத் தோட்டா ஏறும் ரைபிள் நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தமையால், அடர்ந்த காட்டில் மான் வேட்டையாடுவோர் பம்பு ரைபிளைப் பெரிதும் விரும்பினர்.

இத்தகைய ரைபிளில் குழல் குட்டையாயிருப்பதனாலேயே குறி கெடுவதில்லை. ஒரே கனமுள்ள இரண்டு குழல்களில் குட்டையானதே விறைப்பு மிகுந்தது. வெடிக்கும்போது அதிர்வும் குறைவு. குறைவது குண்டின் வேகமே. ஓர் அங்குலம் குறைந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 50 அடி வேகம் குறையும். வினாடிக்கு 2,700 அடி செல்லும் குண்டுக்கு, 50 கெஜம், 100 கெஜம் போன்ற கிட்டத்தூரத்தில் இது பெருங்குறை ஆகாது.

குறை வருவது சுடுவோனிடத்திலேயாம். பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே 24 அங்குலம் இருப்பதாகக் கொள்வோம். முன்குறி ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு பிசகினால் 100 கெஜத்தில் 3 அங்குலம் விலகும். இடைவெளி 16 அங்குலமானால் அதே பிசகுக்கு 4½ அங்குலம் விலகும். மேலும் குட்டைக் குழலில் வெடியோசையும் நெருப்பும் முகத்துக்கு அருகில் எழுவதால், பழகாதவன் விசையை இழுக்கும்போதே அதிர்ந்துவிடுவான். பாரம் குறைந்த முனை மூச்சு வாங்கும்போது எளிதில் அசையும்.

ரவைத் துப்பாக்கியின் செய்தி வேறு. அதன் வாய்ப்புறத்தில் குழல் சிறிது ஒடுங்கியிருப்பதுண்டு. அவ்வொடுக்கமே ரவைகள் சிதறாமல் கூட்டிச் செலுத்துவது. இதையறியாமல் பட்டறையில் குழலை அறுத்தால் ஒடுக்கம் போய்விடும், முன்குறியும் போய்விடும். ரவைகள் அகலச் சிதறி, இரண்டொன்று மட்டும் மிருகத்தின் வயிற்றிலோ காலிலோ படும். அவ்வாறு காயப்பட்ட பன்றி புதருக்குள் கிடந்து, மறுநாள் பழம் பறிக்க வருபவர் மேல் பாயும். தொழிற்சாலையில் குட்டையாகச் செய்த குழல் ஒன்று. உள்ளூரில் அறுத்த குழல் மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதலாகாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, அதற்கென உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குறைப்பது குற்றமுமாகும்.

ரைபிள் குண்டு தவறினால் ஒரு மைலுக்கு அப்பாலும் செல்லக்கூடும். தோப்புக்குத் தோப்பு காவற்குடிசையும், விடியுமுன் வரும் ஆட்களும் உள்ள இடத்தில், குண்டைத் தடுக்கும் மண்மேடு பின்னால் இல்லாமல் இருட்டில் சுடுவது மனித உயிரோடு விளையாடுவதேயாம்.

இனிச் சட்டநிலை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையை விலக்கிவிட்டன. புள்ளிமானையோ கடமானையோ பயிரைத் தின்றது என்னும் காரணத்தால் நிலக்காரர் சுட இயலாது. பயிர்க் காவலுக்குப் பெற்ற துப்பாக்கி உரிமம் வேட்டைக்கு அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழ்நாடு அரசு 2025இல் ஒரு முறை வகுத்தது. அதன்படி காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவர். இங்கும் குடியானவர் தாமே சுடுவதற்கு இடமில்லை.

ஆகையால் குடியானவர் செய்யத்தக்கவை மூன்று. சேதம் கண்டவுடன் கால்தடத்தையும் கடித்த பயிரையும் கலைக்காமல் வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் இழப்பீட்டுக்கு எழுத்து மூலம் மனுச் செய்தல் ஒன்று. தோப்பின் காட்டுப்புற எல்லையில் புதர் நீக்கி, வேலியைப் பல நிலக்காரர் சேர்ந்து தொடர்ச்சியாக அமைத்தல் இரண்டு. தனித்தனி வேலியால் மிருகம் பக்கத்து நிலத்துக்குப் போகுமேயன்றித் திரும்பாது. சூரிய மின்வேலி அமைப்போர் முன்கூட்டியே வனத்துறையின் அனுமதி பெறல் வேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேராகப் பாய்ச்சுவது மிருகத்தையும் மனிதரையும் ஒருங்கே கொல்லும். அதை அறவே விலக்க வேண்டும். உரிமமுள்ள துப்பாக்கியைப் பூட்டி வைத்து, குழலில் கை வைக்காமல், உரிமத்தை உரிய காலத்தில் புதுப்பித்தல் மூன்று.

குழலின் நீளத்தைப் பற்றிய வாதத்தில் செலவாகும் பொழுதில் பாதியேனும் வேலியின் நீளத்தைப் பற்றி அயலாரோடு கூடி யோசிப்பதில் செலவானால் வெள்ளாமை வீடு வந்து சேரும்.