புகாரீ என்பது பெயரா?

ஹதீஸ் கலை மாமேதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் பெயர் என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டால், "புகாரீ" என்றே பதில் வரும். உண்மையில் அது ஊரைக் குறிக்கும் சொல். அவர்களின் பெயர் அபூ அப்தில்லாஹ் முஹம்மது இப்னு இஸ்மாயீல் அல்புகாரீ. இதைப் பிரித்துப் பார்த்தாலே அரபுப் பெயரின் அமைப்பு விளங்கிவிடும்.

முஹம்மது: இது 'இஸ்மு', அதாவது சூட்டிய பெயர்.

இப்னு இஸ்மாயீல்: இது 'நஸபு', வம்சத் தொடர். இஸ்மாயீலின் மகன் என்று பொருள். மகளுக்கு 'பின்த்' வரும். திருமணமானாலும் பெண்ணின் நஸபு மாறாது. ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் துணைவியான பின்பும் 'பின்த் அபீபக்ர்' தான்.

அபூ அப்தில்லாஹ்: இது 'குன்யத்து'. அப்துல்லாஹ்வின் தந்தை என்று பொருள். தாய்க்கு 'உம்மு' வரும். பிள்ளை இல்லாதவர்களுக்கும் குன்யத்து உண்டு. ஆயிஷா (ரலி) அவர்கள் சகோதரி மகன் அப்துல்லாஹ்வை வைத்து 'உம்மு அப்தில்லாஹ்' என அழைக்கப்பட்டார்கள்.

அல்புகாரீ: இது 'நிஸ்பத்து'. ஊர், குலம், கல்விக்கூடம் ஆகியவற்றோடுள்ள தொடர்பைக் காட்டும். வேலூர் பாகியாத்தில் ஓதியவர் 'பாகவி' ஆவது இப்படித்தான்.

இவை தவிர 'லகபு' எனும் சிறப்புப் பெயரும் உண்டு. அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு 'ஸித்தீக்' என்பது லகபு.

இந்த அமைப்பு தெரியாததால் நாம் செய்யும் தவறுகள் இரண்டு.

ஒன்று, அப்துர் ரஹ்மான் என்ற பெயரை இரண்டாக வெட்டுவது. 'அப்து' என்றால் அடிமை. 'ரஹ்மான்' அல்லாஹ்வின் திருநாமம். இரண்டும் சேர்ந்தால்தான் 'ரஹ்மானின் அடிமை' என்ற பொருள் வரும். எனவே பிறப்புச் சான்றிதழிலேயே 'அப்துர்ரஹ்மான்' என்று சேர்த்து எழுதிவிடுங்கள். பின்னர் பாஸ்போர்ட்டில் பெயர் பிளவுபடாது.

மற்றொன்று, வளர்ப்பு மகளின் நிகாஹ் தஃப்தரில் தந்தை என்ற இடத்தில் வளர்த்தவரின் பெயரை எழுதக் கேட்பது. அந்தப் பாசம் நமக்குப் புரிகிறது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத் (ரலி) அவர்களையே மக்கள் 'ஸைத் இப்னு முஹம்மது' என்று அழைத்துவந்தார்கள். வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்ற தந்தையரோடு சேர்த்தே அழைக்குமாறு இறைவசனம் (33:5) இறங்கியதும், அவர்கள் மீண்டும் 'ஸைத் இப்னு ஹாரிஸா' ஆனார்கள். அதனால் நபியவர்கள் அவர்கள் மீது வைத்திருந்த அன்பு துளியும் குறையவில்லை.

வளர்த்த நன்மை அல்லாஹ்விடம் பத்திரமாக இருக்கிறது. பெற்றவரின் பெயர் பிள்ளையின் உரிமை. அதைப் பிள்ளைக்கே விட்டுக்கொடுப்போம்.