சுவாசச் சிகிச்சையாளரும் நடைமுறைச் செவிலியரும்: ஊதியமும் உயர்வும்

மருத்துவம் சார்ந்த தொழிலினருக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-ஆம் ஆண்டில் நிறைவேறியது. சுவாசச் சிகிச்சைத் தொழில்நுட்பர்களுக்குத் தேசிய அளவில் சட்டப்பூர்வமான இடம் கிடைத்தது அப்போதுதான். செவிலியருக்கு அத்தகைய ஏற்பை 1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டமே அளித்துவிட்டது. புதிய பிரிவினருக்கு என்ன ஊதியம், எத்தனை பதவிப் படிகள் என்பதை இனி வகுத்தாக வேண்டும். இதற்கு அமெரிக்காவின் அனுபவம் பயன்படும். அங்கு இரு தொழில்களும் நெடுங்காலமாக அருகருகே வளர்ந்துள்ளன.

சுவாசச் சிகிச்சையாளர்களின் முதல் சங்கம் சிகாகோ நகரில் தோன்றியதும் 1947-ஆம் ஆண்டில்தான். செயற்கைச் சுவாசக் கருவியை இயக்குவது, பிராணவாயு அளிப்பது, நுரையீரலின் திறனைச் சோதிப்பது ஆகியவை அவர்களது பணி. இதற்கு ஈராண்டுப் பட்டயப் படிப்பேனும் தேவை. நடைமுறைச் செவிலியர் என்போர் ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சிக்குப்பின் உரிமத் தேர்வில் தேறி, பதிவு பெற்ற செவிலியரின் மேற்பார்வையில் நோயாளியைப் பேணுவோர்.

ஊதிய வேறுபாடு

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்குப்படி, 2023 மே மாதத்தில் சுவாசச் சிகிச்சையாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 77,960 டாலர். நடைமுறைச் செவிலியருடையது 59,730 டாலர். இடைநிலை என்றால், பாதிப் பேர் அத்தொகைக்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் பெறுகின்றனர் என்று பொருள். வேறுபாடு 18,230 டாலர். கூடுதலாக ஓராண்டு படிப்பவர் அந்த ஓராண்டின் சம்பாத்தியத்தை இழக்கிறார். இடைநிலை ஊதியத்தைக் கொண்டே கணக்கிட்டால், அவ்விழப்பு மூன்றேகால் ஆண்டுகளில் ஈடாகிவிடும். கல்விக் கட்டணத்தையும் சேர்த்தால் காலம் சற்று நீளும். ஆயினும் முப்பது ஆண்டு உழைப்பின் முன் இது பெரிதன்று.

வேலை வாய்ப்பில் எச்சரிக்கை தேவை. 2023 முதல் 2033 வரை சுவாசச் சிகிச்சைப் பணிகள் 13 சதவீதமும் நடைமுறைச் செவிலியர் பணிகள் 3 சதவீதமும் வளரும் என்று அதே அலுவலகம் மதிப்பிட்டது. விகிதத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். பின்னவர் தொகை ஏறத்தாழ ஆறரை லட்சம். முன்னவர் ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேல். ஓய்வு பெறுவோரும் விலகுவோரும் விட்டுச் செல்லும் இடங்களையும் சேர்த்தால், நடைமுறைச் செவிலியருக்கு ஆண்டுதோறும் 50,000-க்கு மேற்பட்ட இடங்கள் திறக்கின்றன. மற்றவருக்குச் சுமார் 8,000 மட்டுமே. சிற்றூரில் வேலை தேடுபவருக்கு இந்த எண்ணிக்கையே முக்கியம். சுவாசச் சிகிச்சையாளரில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனைகளிலேயே பணியாற்றுகின்றனர். முதியோர்க்கான மெடிகேர் காப்பீட்டில் அவர்கள் தம் பெயரில் கட்டணம் கோர இயலாது என்பதும் இதற்கு ஒரு காரணம். நடைமுறைச் செவிலியருக்கோ முதியோர் பராமரிப்பு இல்லங்களே பெரிய புகலிடம். பொறுப்பு மிகுதியாகும் அவ்வில்லங்களில் அவர்கள் மருத்துவமனையைவிடக் கூடுதல் ஊதியமும் பெறுகின்றனர்.

மேலேறும் வழி

என் கருத்தில், தொடக்க ஊதியத்தைவிட முக்கியமானது மேலேறும் வழியே. நடைமுறைச் செவிலியர் பணியில் இருந்தவாறே இணைப்புப் படிப்பு முடித்துப் பதிவு பெற்ற செவிலியராகலாம். 2023-இல் அவர்களின் இடைநிலை ஊதியம் 86,070 டாலர். அதாவது சுவாசச் சிகிச்சையாளரைவிட 8,110 டாலர் அதிகம். அதற்கு மேலும் சிறப்புச் செவிலியர், நிர்வாகி, ஆசிரியர் என்று படிகள் உள்ளன. சுவாசச் சிகிச்சையாளர் பச்சிளங்குழந்தைப் பிரிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ சிறப்புச் சான்று பெறலாம், துறைத் தலைவராகலாம். ஆனால் ஒரு மருத்துவமனைக்குத் துறைத் தலைவர் ஒருவரே. உயரத்தில் தொடங்குபவரின் ஏணி குட்டையாகவும், தாழத் தொடங்குபவரின் ஏணி நெட்டையாகவும் அமைந்திருப்பது அந்நாட்டு முறையின் விசித்திரம்.

நம் நாட்டில்

மத்திய அரசில் ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணை 1-1-2016 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் செவிலியர் அலுவலரின் தொடக்க ஊதியம் ரூ. 44,900. அடுத்த படியான முதுநிலைச் செவிலியர் அலுவலருக்கு ரூ. 47,600. தொழில்நுட்பர் பதவிகள் பலவும் ரூ. 29,200 அல்லது ரூ. 35,400-இல் தொடங்கின. செவிலியர் அலுவலர் அமெரிக்காவின் பதிவு பெற்ற செவிலியருக்கு நிகரானவர். நடைமுறைச் செவிலியருக்கு அல்லர். ஆகவே இவ்வேறுபாட்டை அப்படியே அநீதி என்று கூறுவதற்கில்லை. எனினும் பட்டப்படிப்பு முடித்துச் செயற்கைச் சுவாசக் கருவியின் பொறுப்பை ஏற்கும் இளைஞரைப் பொதுவான ‘தொழில்நுட்பர்’ என்னும் பெயரில் அமர்த்துவது பொருந்தாது.

புதிய பணியிடத்துக்கான கோப்பில் பெரும்பாலும் பணியிடங்களின் எண்ணிக்கையும் தொடக்க ஊதியமுமே இடம்பெறும். மேற்பதவியின் பெயர், அதற்குத் தேவையான ஆண்டுகள், எந்தத் தகுதியால் அதனை அடையலாம் என்பவற்றை நியமன விதிகளில் முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். பத்து, இருபது, முப்பது ஆண்டுகளில் வழங்கும் ஊதிய மேம்பாட்டுத் திட்டம் இதற்கு மாற்றாகாது. அத்திட்டத்தில் சம்பளம் உயருமே தவிர, பதவியும் பொறுப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும்.