கிணற்று மோட்டார் தண்டவாளம் ஏறிய கதை

திருமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணறு வைத்திருப்பவர் எவருக்கும் காயில் கட்டும் கடை பழகிய இடம். மூன்று பேஸில் ஒன்று விட்டுப்போனதைக் கவனிக்காமல் மோட்டாரை ஓடவிட்டால் உள்ளே கம்பி கருகிவிடும். அப்படிக் கருகிய மோட்டார் ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு தாத்தாவோடு சின்ன வயதில் டவுனுக்கு வந்திருக்கிறேன். கடைக்காரர் மூடியைக் கழற்றினார், முகர்ந்து பார்த்தார். "பாடி நல்லாத்தான் இருக்கு ஐயா. காயில்தான் போச்சு. மாத்திக் கட்டிட்டா இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றார்.

இந்த வைத்தியத்தை இந்திய ரயில்வே தன் எஞ்சின்களுக்கே செய்திருக்கிறது. ஹவுரா ராஜதானி விரைவு வண்டியை மனதில் வைத்து, சித்தரஞ்சன் எஞ்சின் தொழிற்சாலை 1980இல் டபிள்யூஏபி-1 என்ற பயணிகள் ரயில் எஞ்சினைக் கட்டியது. சுமார் 3,800 குதிரைத்திறன். அடுத்த சில ஆண்டுகளில் ரயில்களின் நீளம் கூடிக்கொண்டே போனது. பெட்டிகள் இருபதைத் தாண்டியதும் அந்தத் திறன் போதவில்லை. 1990களில் டபிள்யூஏபி-4 வந்தது. ஜப்பானின் ஹிட்டாச்சி வடிவமைத்த மோட்டார்கள் ஆறு. ஒவ்வொன்றும் 630 கிலோவாட். மொத்தம் 5,000 குதிரைத்திறன். புதிதாகக் கட்டியவை போக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டபிள்யூஏபி-1 எஞ்சின்கள் பலவற்றையும் பிரித்து, புதிய மோட்டார்களைப் பூட்டி, டபிள்யூஏபி-4 ஆக்கிவிட்டார்கள்.

மோட்டாரை மாற்றுவது என்றால் மோட்டாரை மட்டும் மாற்றுவதில்லை. கூடுதல் மின்சாரம் தரப் பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதைத் தாங்கும் ரெக்டிஃபையர் வேண்டும், வெப்பத்தை வெளியேற்ற ஊதிகள் வேண்டும், வேகத்துக்கு ஏற்பப் பல்சக்கர விகிதம் அமைய வேண்டும். டபிள்யூஏபி-4இல் மோட்டார் பக்கம் 23 பற்கள், சக்கரப் பக்கம் 58. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற மோட்டார் இரண்டரைச் சுற்று சுற்றுகிறது. கிணற்று மோட்டாருக்கு எச்.பி. கூட்டினால் ஸ்டார்ட்டரையும் ஒயரையும் சேர்த்து மாற்றச் சொல்கிறாரே எலக்ட்ரீஷியன், அதே நியாயம்தான்.

ஆனால் இந்த மோட்டார் மாற்றத்தில் ஒன்று மாறாமலே இருந்தது. பழையதும் டி.சி. மோட்டார், புதியதும் டி.சி. மோட்டார். நம் வயற்காட்டு மோட்டாரைவிட இது மிகவும் சிக்கலான பிராணி. சுழலும் பகுதியின் கம்பிகளுக்கு மின்சாரம் போயாக வேண்டும்; அதன் திசையும் சுற்றுக்குச் சுற்று மாற வேண்டும். அதற்காகத் தண்டில் செம்புத் துண்டுகளை வட்டமாக அடுக்கி, அவற்றின் மேல் கார்பன் பிரஷ்களை அழுத்தி வைத்திருப்பார்கள். இந்தச் செம்பு வளையத்தின் பெயர் கம்யூட்டேட்டர். பிரஷ் தேயும். கரித்தூள் படியும். ஈரமோ தூசியோ அதிகமானால் பொறி பறந்து வளையத்தையே சுட்டுவிடும். பணிமனைக்கு எஞ்சின் வரும்போதெல்லாம் இந்த வளையத்துக்குத் தனிக் கவனிப்பு.

இத்தனை தொல்லையையும் ரயில்வேக்கள் நூறு ஆண்டுகள் சகித்துக்கொண்டதற்குக் காரணம் அதன் இழுவை. சீரிஸ் வகை டி.சி. மோட்டாரில் மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் இழுவிசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். நின்ற இடத்திலிருந்து பாரத்தை நகர்த்த இதைவிடப் பொருத்தமானது அன்று இல்லை. 1925இல் பம்பாயில் ஓடிய நாட்டின் முதல் மின்சார ரயிலும், 1931இல் சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய மீட்டர்கேஜ் மின்ரயிலும் 1,500 வோல்ட் டி.சி.யில்தான் ஓடின. பின்னால் 25,000 வோல்ட் ஏ.சி. கம்பி வந்தபோதும், எஞ்சினுக்குள்ளேயே அதை டி.சி.யாக மாற்றி அதே வகை மோட்டாருக்குக் கொடுத்தார்கள்.

இனி நம் கிணற்றடிக்கு வருவோம். அங்கே இருப்பது மும்முனை மின்சாரத்தில் ஓடும் இன்டக்‌ஷன் மோட்டார். பிரஷ் இல்லை, கம்யூட்டேட்டர் இல்லை. சுழலும் பகுதிக்கு ஒயர்கூடப் போவதில்லை. வெளிக் காயில்களில் மூன்று பேஸும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குவதால் ஒரு காந்தப்புலம் சுழல்கிறது. உள்ளேயிருக்கும் உலோகக் கம்பிகளின் கூண்டில் அது மின்சாரத்தைத் தூண்டி, கூண்டையே இழுத்துச் சுற்றுகிறது. அணில் கூண்டு என்று இதற்குப் பெயர். 1889இல் ரஷ்யரான டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி உருவாக்கிய வடிவம் இது. வெள்ளாமைக்காரர் கையில் கொடுத்தால் பல வருடம் கேள்வி கேட்காமல் ஓடும் இவ்வளவு எளிய பொறி, ரயிலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு காலம் எட்டவில்லை?

விடை மோட்டாரின் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கிறது. அதில் 1440 அல்லது 2880 என்று ஓர் எண் இருக்கும். அது நிமிடத்துக்கான சுற்று. மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவதால் காந்தப்புலம் 1500 அல்லது 3000 சுற்று சுற்றுகிறது. கூண்டு அதற்குச் சற்றுப் பின்தங்கி ஓடுகிறது. அதாவது வேகத்தைத் தீர்மானிப்பது கரண்டின் அலைவெண். தண்ணீர் இறைக்க ஒரே வேகம் போதும். ரயில் ஊர்ந்து கிளம்ப வேண்டும், நூறைத் தாண்டிப் பறக்கவும் வேண்டும். ஹங்கேரியப் பொறியாளர் கண்டோ கால்மன் 1902இல் வட இத்தாலியின் வால்டெல்லினா பாதையில் மும்முனை ரயிலை ஓட்டியே காட்டினார். தலைக்கு மேல் இரண்டு கம்பிகள், மூன்றாவது பேஸுக்குத் தண்டவாளம். ஓடியது, ஆனால் குறிப்பிட்ட சில வேகங்களில் மட்டுமே.

அலைவெண்ணை விருப்பம்போல் ஏற்றி இறக்கும் கருவி வரும்வரை அந்தக் கனவு காத்திருந்தது. அந்தக் கருவியின் தம்பி நம் வீடுகளில் இருக்கிறது: இன்வெர்ட்டர். மேலே ஓடும் ஒற்றைக் கம்பியின் ஒருமுனை மின்சாரத்தை முதலில் டி.சி.யாக்கி, பிறகு அதை மின்னணு சுவிட்சுகளால் விநாடிக்குப் பல நூறு முறை துண்டுபோட்டு, வேண்டிய அலைவெண்ணில் மும்முனை மின்சாரமாக அது வடிக்கிறது. பழைய மோட்டாரில் செம்பு வளையம் உரசி உரசிச் செய்த வேலையை, உரசலே இல்லாமல் சிலிக்கான் செய்கிறது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுதான்: சிக்கல் ஒழியவில்லை, சுழலும் இடத்தை விட்டுச் சுழலாத இடத்துக்குக் குடிபெயர்ந்தது.

ஜெர்மனியில் 1979இல் இத்தகைய எஞ்சின் பெரும்பாதையில் ஓடத் தொடங்கியது. இந்தியா 1990களின் நடுவில் ஏ.பி.பி. நிறுவனத்திடமிருந்து எஞ்சின்களையும் தொழில்நுட்பத்தையும் வாங்கி, சித்தரஞ்சனிலேயே கட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த டபிள்யூஏபி-7தான் இன்று நம் விரைவு வண்டிகள் பலவற்றை இழுக்கிறது. 6,000 குதிரைத்திறனுக்கு மேல், 5 எச்.பி. கிணற்று மோட்டார்கள் 1,200 சேர்ந்த பலம். 1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போட்ட பாதையில், கரிசலை நோக்கி இறங்கும் திருமங்கலம் நடைமேடையில் நின்று காதைக் கொடுத்துப் பாருங்கள். டபிள்யூஏபி-4 என்றால் ஊதிகளின் இரைச்சல் பெருங்காற்றுபோல் வரும். டபிள்யூஏபி-7 கிளம்பும்போது சுருதி படிப்படியாக ஏறுவது கேட்கும். இன்வெர்ட்டர் தன் துண்டுபோடும் தாளத்தை மாற்றிக்கொள்ளும் ஒலி அது.

இன்னொரு லாபமும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது இதே மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். ஆயிரம் டன் ரயில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் 107 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று அறிவித்த 100 யூனிட்டை விடச் சற்று அதிகம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்த இதில் ஒரு நல்ல பங்கு இப்போது கம்பிக்கே திரும்புகிறது.

அப்படியானால் பழைய வண்டியில் புதுவகை மோட்டாரைப் பூட்ட முடியாதா? லண்டன் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அங்கே சுரங்க ரயிலின் சென்ட்ரல் பாதையில் 1992ஆம் ஆண்டு வகை ரயில்கள் 85. 2003 ஜனவரியில் ஒன்றின் டி.சி. மோட்டார் கழன்று விழுந்து, ரயில் தடம் புரண்டு, பாதையே மூடிக் கிடந்தது. ரயில்களைக் கழித்துக்கட்டாமல் ஏ.சி. மோட்டார்களைப் பொருத்துகிறார்கள், முதல் ரயில் 2023இல் திரும்பி வந்தது. நம் ரயில்வேயின் வாரணாசி எஞ்சின் தொழிற்சாலையோ இன்னும் துணிச்சலாக, இரண்டு பழைய டீசல் எஞ்சின்களை இணைத்து 10,000 குதிரைத்திறன் மின்எஞ்சினாக மாற்றியது. 2017 டிசம்பரில் தொடங்கிய வேலை 2018 பிப்ரவரியில் முடிந்துவிட்டது. அது பெரிய எண்ணிக்கைக்கு வளராமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. புதிய எஞ்சின் வேகமாகக் கட்ட முடிகிறபோது பழையதைப் பிரித்து அளந்து பொருத்த நேரம் ஒதுக்குவது கடினம் என்பது புரிந்தாலும்.

டி.சி. மோட்டார் எஞ்சின்களின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. டபிள்யூஏபி-4கள் ஒவ்வொன்றாக ஓய்வுபெறும். அவற்றின் மோட்டார் ஒன்றை, செம்பு வளையமும் பிரஷ்ஷும் தெரியும்படி நெடுக வெட்டி, பக்கத்திலேயே ஓர் அணில் கூண்டையும் வைத்து, மதுரைச் சந்திப்பில் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் உயரத்தில் நிறுத்தவேண்டும். கிணற்றடியிலிருந்து வரும் பிள்ளை இரண்டையும் பார்த்ததுமே, "இது எங்க தாத்தா மோட்டார்" என்று கூண்டின் பக்கம் கை நீட்டும்.