குறுந்தகட்டில் சிக்கிய தமிழ்

பள்ளி அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது 'ஆண்டு மலர் 2004' என்று எழுதிய குறுந்தகடு ஒன்று கிடைத்தது. மாணவர்கள் தம் பாட்டிமார்களிடம் கேட்டெழுதிய தாலாட்டுகளும் விடுகதைகளும் அதில் இருந்தன. அச்சுப்படி ஒன்றுகூடப் பள்ளியில் இல்லை. பாடியவர்களிலும் பலர் இன்றில்லை. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தது. "வைரஸ் சார், தூக்கிப் போடுங்க" என்றார் உடன் பணியாற்றும் ஆசிரியர்.

அது வைரஸ் அல்ல. ஒருங்குறி பரவுவதற்கு முன் வந்த தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளைத்தான். பாமினி இல்லாத கணினி அவற்றை அப்படியே காட்டிவிடும். தமிழக அரசு 1999இல் டாம், டாப் என இரு குறியாக்கங்களைத் தரப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆனால் நம் பழைய வினாத்தாள்களும் பதிவேடுகளும் வானவில், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் கிடக்கின்றன.

முதலில் கோப்புகளைக் கணினியின் வன்வட்டில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். தகடே படிக்கவில்லை என்றால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி, சேதம் கூடும். வேறொரு கணினியிலும் போட்டுப் பாருங்கள்.

வேர்டில் கோப்பு திறந்ததும் புரியாத வரியின்மேல் சுட்டியை வைத்துச் சொடுக்குங்கள். எழுத்துருப் பெட்டியில் பழைய எழுத்துருவின் பெயர் தெரியும். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் கோப்பிலேயே இருக்கும். அதுதான் சாவி. அதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து லதாவுக்கு மாற்றிச் சேமித்தால் தடயம் அழிந்துவிடும். நான் ஒரு கோப்பில் அப்படித்தான் செய்தேன். பிறகு ஒவ்வொரு குறியாக்கமாக முயன்று பார்க்க வேண்டியதாயிற்று.

பெயர் தெரிந்தபின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் அதற்குரிய குறியாக்கத்தைத் தேர்ந்து ஒருங்குறிக்கு மாற்றலாம். இடையில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். அவற்றை முன்பே தனியே எடுத்து வையுங்கள்.

மாற்றியபின் மெய்ப்பு பார்ப்பது கட்டாயம். அன்று தட்டச்சு செய்தவர் துணைக்காலையே ரகரமாகப் போட்டிருப்பார். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்ததால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மாற்றினால் சொல் உடைந்து நிற்கும். எங்கள் பள்ளியில் அந்தத் தாலாட்டுகளை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களே வாய்விட்டுப் படித்துத் திருத்தினார்கள். அவர்களில் ஒருத்தி தன் அத்தையின் பெயரைக் கீழே கண்டு, பாட்டை வீட்டுக்கு எழுதிக்கொண்டு போனாள்.